சோதனைச் சாவடி ஊரில் ஒரு சர்வர்

வெளியூர்க்காரர்களுக்குப் புளியறை என்றால் இரண்டு விஷயம்தான். ஒன்று, வியாழக்கிழமைகளில் கூட்டம் சேரும் தட்சிணாமூர்த்தி கோயில். இன்னொன்று, சோதனைச் சாவடி. கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744 இங்கிருந்து எஸ் வளைவில் ஏறி ஆரியங்காவுக் கணவாய்க்குள் நுழைகிறது. காய்கறி லாரி, வைக்கோல் லாரி, சிமெண்ட் லாரி, கோழி வண்டி எல்லாம் இங்கே நின்று தாள் காட்டிவிட்டுத்தான் மலையேறும். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரிச் சாவடிகளை எடுத்துவிட்டார்கள்; போலீசும் வனத்துறையும் போகவில்லை. கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் இங்கே வண்டிச் சக்கரத்துக்கு மருந்தடிப்பார்கள். 2020 ஊரடங்கில் இ-பாஸ் இல்லாமல் ஈ காக்கைகூட இந்தப் பக்கம் வரவில்லை.

இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, வீட்டிலேயே சர்வர் வைத்துக்கொள்வதைப் பற்றி எழுதுகிறேன். அது ஏதோ நேற்று அமெரிக்காவிலிருந்து இறங்கிய பொழுதுபோக்கு என்று பல பேர் நினைக்கிறார்கள். எங்கள் தாலுகாவின் கதை தெரிந்தால் அப்படி நினைக்க மாட்டார்கள்.

எல்லைக்கோடு இங்கே வந்ததே 1956 நவம்பர் 1-இல்தான். அதற்கு முன் நாங்கள் திருவிதாங்கூர். அப்போது எல்லை எங்களுக்கு மேற்கே இல்லை. கிழக்கே, செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் நடுவில் இருந்தது. மொழிவழி மாநிலம் பிரித்தபோது செங்கோட்டைத் தாலுகாவின் மேற்குப் பகுதி, ஆரியங்காவும் மலையுமாக, கேரளத்தோடு போயிற்று. புளியறையோடு சேர்ந்த கிழக்குப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் தாத்தா காலத்துப் பத்திரம் ஒன்று கிடக்கிறது. சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர்த் தாள், மலையாள எழுத்து, கொல்லம் ஆண்டு 1098. அதாவது 1922-23. ஒரு மூலையைக் கரையான் தின்றிருக்கிறது. நல்லவேளை, நாலெல்லை எழுதிய இடத்தை விட்டுவைத்திருக்கிறது.

அந்தக் காலத்தில் திருவிதாங்கூருக்குத் தனித் தபால் இருந்தது. அதற்கு அஞ்சல் என்று பெயர். அரசாங்கக் கடிதத்துக்கும் பத்மநாபசுவாமி கோயில் சாமான்களுக்குமாக ஏற்பட்டது. ரெசிடெண்டாக வந்த கர்னல் மன்றோ காலத்தில் ஒழுங்குபட்டு, பின்னால் சாதாரண ஜனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. மணி கட்டிய கோலோடு அஞ்சலோட்டக்காரர் ஓடி வருவார், வழியில் நிற்பவர்கள் விலக வேண்டும். அலுவலகத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு அஞ்சல் பிள்ளை என்று பெயர். 1888-இல் சங்குப் படம் போட்டுத் தங்களுக்கென்று தபால்தலையும் அடித்தார்கள். விலை சக்கரக் கணக்கில்; 28 சக்கரம் சேர்ந்தால் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பல சமஸ்தானங்கள் தங்கள் தபாலை இந்தியத் தபாலோடு கரைத்துவிட்ட பிறகும் திருவிதாங்கூரும் கொச்சியும் அஞ்சலை விடவில்லை. 1951-இல்தான் அது மத்திய அரசின் தபால் துறைக்குள் போயிற்று.

அஞ்சல் போய்விட்டதே என்று நான் அழவில்லை. டெல்லிக்கும் பம்பாய்க்கும் ஒரே தபால்தலையில் கடிதம் போவது நல்லதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ராஜா தன் தபாலைத் தானே வைத்துக்கொண்டபோது ஓட்டக்காரர் சம்பளம், வழிக்காவல், பை தொலைந்தால் பதில் சொல்வது எல்லாம் அவர் தலையில்தான் விழுந்தது. சொந்தமாக வைத்துக்கொள்கிறவன் காவலையும் சேர்த்துத்தான் வைத்துக்கொள்கிறான். வீட்டு சர்வரில் ஆசையோடு இறங்குகிறவர்கள் முதலில் மறப்பது இதைத்தான்.

தொலைபேசி வந்த விதம் வேறு. அது வெகுகாலம் அரசாங்கத்தின் பொருளாகவே இருந்தது. ஆனாலும் ஒரு நல்ல காரியம் நடந்தது. 1984-இல் தொடங்கிய சி-டாட் நிறுவனம் கிராமங்களுக்கென்று 128 போர்ட் எக்ஸ்சேஞ்ச் ஒன்றைச் செய்து, 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் முதலில் நிறுவியது. ஏசி அறை வேண்டாம், தூசியும் வெயிலும் தாங்கும். வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகள் குளிரூட்டிய அறைக்குள் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி உட்கார்ந்திருந்த காலத்தில் இது பெரிய விஷயம். ஊர் ஊராக மஞ்சள் போர்டு எஸ்டிடி பூத்துகள் முளைத்தது அதன் பிறகுதான். செங்கோட்டையில் நான் முதலில் வைத்த கடையும் அதுதான்.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தது. முழு இணைப்புக்கு 250 மணி நேரத்துக்கு 15,000 ரூபாய் கட்டணம். அந்தக் காசுக்கு அப்போது எங்கள் பக்கம் நல்ல கறவை மாடே வாங்கலாம். 1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களும் இணைப்பு கொடுக்கலாம் என்று ஆன பிறகு விலை இறங்கியது. என் பூத் பிரவுசிங் சென்டராக மாறியது.

அந்த பிரவுசிங் சென்டரில்தான் என் முதல் சர்வர் ஓடியது. சர்வர் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒரே ஒரு மோடம், ஒரே ஒரு தொலைபேசி லைன், ஆனால் மரப்பலகை அடித்த கேபின்கள் பல. அத்தனைக்கும் அந்த ஒரு லைனைப் பங்கு போட வேண்டும். பிசி குவெஸ்ட் இதழ் 1996 முதல் லினக்ஸ் சிடி கொடுத்து வந்தது. அப்படிக் கிடைத்த சிடி ஒன்றை வைத்து ஒரு பழைய பெட்டியில் லினக்ஸ் போட்டு, ஸ்குவிட் என்ற ப்ராக்சியை ஓட்டினேன். ஒருவர் திறந்த பக்கத்தை அடுத்தவர் திறந்தால் அது வெளியே போகாமல் என் பெட்டியிலிருந்தே வரும். பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்று இதன் அருமை தெரியும்.

கேபின்களில் இருந்த கம்ப்யூட்டர்களுக்கு நான் கொடுத்த முகவரிகள் 192.168 என்று தொடங்கும். அவை வெளியுலகத்தில் செல்லாத முகவரிகள். இணையத்தின் பழைய முகவரித் திட்டத்தில் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள்தான் உண்டு. அதைச் சிக்கனமாகச் செலவழிக்க, வீட்டுக்குள்ளும் ஆபீசுக்குள்ளும் மட்டும் செல்லும் சில எண் வரிசைகளை 1990-களின் நடுவில் ஒதுக்கிவைத்தார்கள். வெளியே போக என் பெட்டிக்கு மட்டும் ஒரு உண்மையான முகவரி. கேபினில் உட்கார்ந்திருப்பவர் வெளியே எதையும் பார்க்கலாம். வெளியிலிருந்து எவரும் அவரைத் தேடி வர முடியாது. வாடிக்கையாளருக்கு அது தெரியாது, தெரிந்தாலும் அவருக்கு ஒரு குறையும் இல்லை. அவர் பார்க்கத்தானே வந்தார்?

அந்தக் கேபின்களில் நடந்தவை தனிக் கதை. சவுதிக்கும் துபாய்க்கும் போனவர்களின் மனைவிமார் யாஹூ மெசஞ்சரில் பேச வருவார்கள். தமிழ் எழுதத் தெரிந்த இரண்டு மூன்று பேர் மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று யாஹூ குழுமங்களில் மணிக்கணக்காக இலக்கியச் சண்டை போடுவார்கள். அதற்கு முன்பே பாலா பிள்ளை ஆஸ்திரேலியாவிலிருந்து தமிழ்.நெட் மடலாடற்குழுவை நடத்தியிருந்தார். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கியிருந்தார். தமிழர்கள் நெட்டில் எழுதிக் குவித்ததெல்லாம் யார் வீட்டில் இருந்தது? பெரும்பாலும் யாஹூ வீட்டில். 2009 அக்டோபரில் யாஹூவின் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டது. 2014 செப்டம்பரில் கூகுளின் ஆர்குட் போயிற்று. 2019 டிசம்பரில் யாஹூ குழுமங்களின் பழைய மடல்கள் அழிக்கப்பட்டன. அடுத்த வருஷம் கடையையே சாத்தினார்கள். முன்கூட்டியே அறிவித்தார்கள் என்பது உண்மை. அறிவிப்பு போன மின்னஞ்சல் முகவரியை எழுதியவரே மறந்திருப்பார், சிலர் உயிரோடே இருந்திருக்க மாட்டார்கள். மதுரைத் திட்டம் பிழைத்திருப்பதற்குக் காரணம், அதன் நூல்களை யார் வேண்டுமானாலும் இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்று முதல் நாளிலிருந்தே விட்டதுதான்.

பிராட்பேண்ட் 2005-இல் பிஎஸ்என்எல் டேட்டாஒன் என்று வந்தது. 256 கேபிபிஎஸ் வேகத்தையே பிராட்பேண்ட் என்றார்கள். மெதுவானாலும் அதில் ஒரு சுகம் இருந்தது: மோடம் உயிரோடு இருக்கும்வரை வீட்டுக்கு ஒரு உண்மையான ஐபி முகவரி. அது அடிக்கடி மாறும். மாறினால் மாறட்டும் என்று டின்டிஎன்எஸ் போன்ற சேவைகளில் ஒரு பெயரை இலவசமாக வாங்கி, முகவரி மாறும்போதெல்லாம் அந்தப் பெயரை அதன் பக்கம் திருப்பிவிடுவோம். புளியறை வீட்டில் ஓடும் பெட்டியை அக்கா புனலூரில் இருந்து திறந்து பார்ப்பாள். ஒரு கல்யாணப் படத்தைத் திறக்க அவள் ஒரு டீயே குடித்து முடித்துவிடலாம் என்பது வேறு விஷயம்.

2014 மே மாதம் டின்டிஎன்எஸ்ஸின் இலவசம் நின்றது. அது சின்ன அடி. பெரிய அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2011 பிப்ரவரியில் உலகக் கையிருப்பில் இருந்த கடைசி முகவரித் தொகுப்புகளும் பங்கிடப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய-பசிபிக் பகுதிக்கான ஏபிநிக் அமைப்பு ரேஷன் முறைக்குப் போனது. கோடிக்கணக்கில் புதிய இணைப்பு கொடுக்க வேண்டிய நம் நாட்டு நிறுவனங்கள் என்ன செய்யும்? நான் என் கேபின்களுக்குச் செய்ததையே செய்தன. 2012-இல் இதற்கென்றே 100.64 முதல் 100.127 வரை ஒரு வரிசை ஒதுக்கப்பட்டது. தெருவுக்கு ஃபைபர் வந்து, வேகம் நூறு மடங்குக்கு மேல் ஏறியபோது, ரூட்டரைத் திறந்து பார்த்தால் வெளி முகவரி என்ற இடத்தில் 100-இல் தொடங்கும் அந்த எண் இருந்தது. என் வீடு இப்போது எவனுடைய பிரவுசிங் சென்டரிலோ ஒரு கேபின்.

இணைப்பு கொடுக்க வந்த தம்பியிடம் கேட்டேன். "அண்ணாச்சி, படம் ஓடுதுல்லா? யூடியூப் ஓடுதுல்லா? பொறவு எதுக்கு வெளிய இருந்து உள்ள வரணும்?" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். இருபது வருஷத்துக்கு முன் என் கேபினில் யாராவது கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

வழி இல்லாமல் இல்லை. புதிய முகவரித் திட்டமான ஐபிவி6-இல் எண்ணுக்குப் பஞ்சமே கிடையாது. 2016-இல் ஜியோ வந்த பிறகு இந்தியா அதில் வேகமாக முன்னேறியிருக்கிறது. உங்கள் இணைப்பில் அது உண்டா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் உள்ளிருந்து வெளியே ஒரு சுரங்கம் தோண்டலாம். ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதிய வயர்கார்டு 2020 மார்ச்சில் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. மும்பையிலோ பெங்களூரிலோ மாதம் சில நூறு ரூபாய்க்குச் சின்னதாக ஒரு சர்வர் வாடகைக்கு எடுத்து, வீட்டுப் பெட்டியை அதோடு வயர்கார்டில் கட்டிவிட்டால் போதும். பொருள் வீட்டில், வெளியே இருப்பது வாசல் மட்டும்.

இப்போது என் பெட்டியைச் சொல்கிறேன். தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய மாணவர் லேப்டாப் திட்டத்தில் தங்கை மகள் வாங்கியது. விண்டோசோடு பாஸ் லினக்சும் போட்டுத் தந்தார்கள். பாஸ் என்பது டெபியன் என்ற லினக்ஸ் வகையை வைத்துச் சென்னை சி-டாக் உருவாக்கியது. பாதிப் பேர் வீட்டில் அந்த லினக்சை யாரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அவள் வேலைக்குப் போய்ப் புது லேப்டாப் வாங்கியதும் இது பரணுக்குப் போக இருந்தது, நான் பிடித்துக்கொண்டேன். ரேம் கூட்டி, சுழலும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டு, டெபியன் ஏற்றினேன். பழைய லேப்டாப் சர்வருக்கு ஏற்றது என்பதற்கு ஒரு காரணம் பேட்டரி: கரண்ட் போனால் தானே தாங்கும். ஆனால் எந்நேரமும் செருகியே கிடந்தால் பேட்டரி வீங்கும். மாதம் ஒரு தடவை புரட்டிப் பார்க்க வேண்டும், அடிப்பாகம் மேசையில் ஆடினால் உடனே கழற்றிவிட வேண்டும். திரையை அணைத்துவிட்டால் பத்துப் பன்னிரண்டு வாட்தான் இழுக்கும். இரண்டு மாதத்துக்குப் பதினான்கிலிருந்து பதினெட்டு யூனிட். அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டுக்குள் அடங்கிவிடும்.

அதில் கோப்புகளைச் சேமித்துப் பகிரும் நெக்ஸ்ட்கிளவுட் ஓடுகிறது. 2016-இல் ஓன்கிளவுடிலிருந்து பிரிந்து வந்தது அது. கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1-இல் இலவச அளவில்லா இடத்தை நிறுத்தியபோது குடும்பத்தில் எல்லாரும் என்னைத் தேடி வந்தார்கள். படங்கள், ரசீதுகள், அந்த 1098-ஆம் வருஷப் பத்திரத்தின் ஸ்கேன், அம்மா பாடிய தாலாட்டை யாரோ செல்போனில் பதிந்தது, எல்லாம் இதில்தான்.

பாதுகாப்புக்கு வருவோம். இணையத்தில் ஒரு போர்ட்டைத் திறந்து வைத்தால் யார் வந்து கதவைத் தட்டுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? புளியறையில் இப்படி ஒரு ஆள் இருப்பது தெரிந்து யாரும் வருவதில்லை. எல்லாருடைய கதவையும் இயந்திரங்கள் இராப்பகலாகத் தட்டிக்கொண்டே போகின்றன. ஒருமுறை சோதனைக்காக 22-ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டுக் காப்பி போட எழுந்தேன். திரும்பி வருவதற்குள் லாகில் வரிசையாக வந்துவிட்டார்கள்: ரூட், அட்மின், டெஸ்ட், ஆரக்கிள், யுபிஎன்டி, பை. அந்தப் "பை" ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியின் பழைய இயல்புப் பயனர் பெயர். கடவுச்சொல்லும் எல்லாருக்கும் தெரிந்த "ராஸ்பெரி". அதை அந்தக் கணினியைச் செய்தவர்கள் 2022 ஏப்ரலில்தான் எடுத்தார்கள். இன்னும் மாற்றாமல் வைத்திருக்கும் யாரையோ தேடி அந்த இயந்திரங்கள் ஊர் ஊராக அலைகின்றன.

22 என்ற எண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடினார்கள். அங்கே இருந்த தாத்து உலோனென், ஒட்டுக்கேட்க முடியாதபடி தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய எஸ்எஸ்ஹெச்சை எழுதினார். கோப்பு அனுப்பும் எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23; நடுவில் 22 காலியாகக் கிடந்தது, கேட்டு வாங்கிக்கொண்டார். டெல்நெட்டில் கடவுச்சொல் அஞ்சல் அட்டையில் எழுதியது போலத் திறந்தே போகும். ஆனாலும் உலகம் டெல்நெட்டை விடவில்லை. 2016-இல் மிராய் என்ற நிரல் டெல்நெட் வழியே கேமராக்களிலும் ரூட்டர்களிலும் நுழைந்தது. கம்பெனி போட்டுக் கொடுத்த கடவுச்சொற்களின் சின்னப் பட்டியல் ஒன்றுதான் அதன் ஆயுதம். அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் பாதி இணையம் தள்ளாடியது. தாக்கப்பட்ட நிறுவனம் டின், நாங்கள் இலவசப் பெயர் வாங்கிய அதே ஆட்கள்.

வீட்டில் டிஸ்க் பெட்டி வாங்கி வைத்தவர்களுக்கும் 2022 ஜனவரியில் பாடம் கிடைத்தது. க்யூநேப் பெட்டிகளில் டெட்போல்ட் என்ற நிரல் நுழைந்து எல்லாக் கோப்பையும் பூட்டி, சாவிக்கு 0.03 பிட்காயின் கேட்டது. மாட்டியவர்கள் பெட்டியை நேராக இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தவர்கள்.

ஆகவே நான் செய்வது கொஞ்சம்தான், ஆனால் விடாமல் செய்கிறேன். வெளியிலிருந்து வர வயர்கார்டு ஒன்றுதான் வழி. அதன் சாவி இல்லாமல் தட்டினால் அது பதிலே சொல்லாது, அங்கே கதவு இருப்பதே தட்டுகிறவனுக்குத் தெரியாது. எஸ்எஸ்ஹெச் வீட்டுக்குள்ளும் அந்தச் சுரங்கத்துக்குள்ளும் மட்டும், அதுவும் சாவிக்கோப்போடு. கடவுச்சொல் நுழைவை அணைத்தாயிற்று. டெபியனின் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே ஏறும். மச்சான் தன் கடைக்கு ஒரு பொதுப்பக்கம் வேண்டும் என்றான். அது வாடகை சர்வரிலேயே இருக்கிறது, வீட்டுப் பெட்டிக்கு வராது. அதற்குரிய சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது. 2015 டிசம்பரில் அவர்கள் கதவைத் திறக்கும்வரை இதற்கு வருஷா வருஷம் காசு கட்டிக்கொண்டிருந்தோம். மின்னஞ்சலை மட்டும் வீட்டில் வைக்காதீர்கள். வீட்டு இணைப்பிலிருந்து போகும் மடலைப் பெரிய நிறுவனங்கள் குப்பை என்றே எடுத்துக்கொள்ளும். எங்கள் பக்கத்து மத்தளம்பாறையில் 2011 முதல் சோஹோ இருக்கிறது, அந்தத் தலைவலி அவர்களுக்கே இருக்கட்டும்.

எங்கள் பக்கத்துக்கு ஹேக்கரைவிடப் பெரிய எதிரி ஐப்பசி இடி. ஆனி, ஆடியில் சாரலும் காற்றும் கரண்டைத்தான் எடுக்கும், பொருளை எடுக்காது. துலா மழையின் இடி சாயங்காலம் மூன்று மணிக்கு மேல் மலையிலிருந்து இறங்கி வரும்போது விளையாட்டு இல்லை. ஃபைபர் கண்ணாடிதான், அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அதன் பெட்டிக்குப் போகும் அடாப்டர் கடத்தும், அங்கிருந்து லேன் ஒயர் கடத்தும். வானம் கறுத்தால் வீட்டில் யாராவது பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். சர்வர் ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் குடி முழுகாது. எந்நேரமும் ஓட வேண்டும் என்பது கம்பெனிகளின் கவலை, நமக்கு எதற்கு?

பேக்கப் இரண்டு: ஒன்று இங்கேயே அலமாரியில், இன்னொன்று குறியாக்கம் செய்த டிஸ்கில் புனலூர் அக்கா வீட்டில். மலைக்கு அந்தப் பக்கம், வேறு மாநிலம், வேறு மின்வாரியம். ஓணத்துக்கும் பொங்கலுக்கும் போகும்போது டிஸ்கை மாற்றிக்கொள்வோம். சாவடியில் பையைத் திறக்கச் சொன்னால் நேந்திரங்காய் சிப்சுக்கு அடியில் அதுதான் கிடக்கும்.

உங்கள் வீட்டிலும் ஒரு அரசு லேப்டாப் பரணில் இருக்கலாம். காயலான் கடையில் போடுவதற்கு முன் ஒரு தடவை திறந்து பாருங்கள். முதலில் வீட்டுக்குள் மட்டும் ஓடட்டும். வெளி வாசல் அப்புறம் வைத்துக்கொள்ளலாம். பேக்கப் எடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிடாமல், அவ்வப்போது அதிலிருந்து ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள்.